சோல் இசை இதழ்கள் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். மகள் வேலை நிமித்தம் லீட்ஸுக்குக் குடிபோய்விட்டதால், அவளுடைய அறை என் இசைத்தட்டுகளுக்கும் பழைய இதழ்க் கட்டுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை பற்றி நாம் வாங்கிவந்த இதழின் சந்தாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். நான் நிறுத்திவிட்டேன். அதற்கான காரணத்தை உனக்கு விரிவாகவே எழுத வேண்டும்.

இணையம் வந்ததால்தான் இந்த இதழ்கள் நலிந்தன என்கிறாய். விற்பனை சரிந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் எழுத்தின் தரம் சரிந்ததற்கு அதைக் காரணம் காட்ட என்னால் முடியவில்லை. தொடக்க காலத்தை நினைத்துப் பார். ஜான் அபே 1966இல் 'ஹோம் ஆஃப் தி புளூஸ்' என்று தொடங்கி, மறு ஆண்டே 'புளூஸ் அண்ட் சோல்' என்று பெயர் மாற்றிய இதழில் டேவ் கோடின் பத்தி எழுதினார். அவர் லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள், தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் என்ற புதிய பாணித் தட்டுகளைத் தொடாமல், அறுபதுகளின் நடுவில் வெளிவந்த வேகமான பழைய தட்டுகளையே கேட்பதைக் கவனித்து, 1970இல் மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் நடன மன்றத்துக்கே போய்ப் பார்த்து எழுதினார். 'நார்தர்ன் சோல்' (வடக்கத்திய சோல்) என்ற பெயர் அவருடைய பத்தியின் வழியாகத்தான் பரவியது. அங்கே இரவு முழுவதும் ஆடியவர்கள் கொண்டாடிய பாடல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலேயே விலைபோகாதவை. அவற்றுக்கு விளம்பரம் கொடுக்க எந்த நிறுவனமும் இல்லை. விற்க ஆளில்லாத இசையைத் தேடிப் போய் ஓர் இதழ் எழுதியது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்து இதழ் ஒன்றை நேற்று எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாள் பழுப்பேறி, ஓரங்கள் உதிர்கின்றன. கடைசிப் பக்கங்களில், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில், தபாலில் தட்டு விற்பவர்களின் பட்டியல்: பாடகர் பெயர், பாடல், லேபிள் (வெளியிட்ட நிறுவனம்), விலை. விமர்சனங்கள் இரண்டு பத்திகளைத் தாண்டுவதில்லை. ஆனால் ஒலிப்பதிவு நடந்தது மெம்ஃபிஸிலா மசில் ஷோல்ஸிலா, அமெரிக்காவின் எந்த இசை ஊரில் என்று சொல்லிவிடுகிறார்கள். பாடகர் எவ்வளவு பெரியவரானாலும், தட்டு மட்டமாக இருந்தால் மட்டம் என்றே எழுதுகிறார்கள்.

நான் நிறுத்திய இதழின் கடைசிப் பிரதியோ வேறு விதம். புதிதாக ஆல்பம் வெளியிட்ட ஒரு பாடகியுடன் ஐந்து பக்க நேர்காணல். அவருடைய குழந்தைப் பருவம், நன்றியுணர்வு, உடையலங்காரம் எல்லாம் இருந்தன. பேஸ் கிட்டார் வாசித்தவர் யார், வாத்தியங்களுக்கான இசையை அமைத்துத் தந்தவர் யார், எந்த ஒலிப்பதிவுக்கூடம் என்பது மட்டும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் அதே ஆல்பத்துக்கு முழுப்பக்க விளம்பரம். விளம்பரமும் நேர்காணலும் ஒரே கையிலிருந்து வரும்போது, ஆசிரியர் வாய் திறந்து குறை சொல்ல முடியாது. குறை சொல்லாத இதழில் வரும் பாராட்டுக்கு மதிப்பும் கிடையாது. எஞ்சிய பக்கங்களை எழுபதுகளின் நினைவுகள் நிரப்பிவிட்டன. அவையும் முன்பே படித்த கதைகள்தான்.

நல்ல ஆராய்ச்சி அடியோடு மறைந்துவிடவில்லை. அது மறுவெளியீடுகளோடு வரும் கையேடுகளுக்கு இடம் மாறிவிட்டது. பழைய சோல் பாடல்களை மறுவெளியீடு செய்யும் கென்ட் லேபிளின் தொகுப்புகளைப் பார். கோடினே 1997 முதல் 2004 வரை அங்கே 'டீப் சோல்' எனப்படும் உருக்கமான பாடல்களை நான்கு தொகுதிகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றையும் பற்றி உருகி உருகி எழுதினார். பாடகி பெட்டி லாவெட் 1972இல் மசில் ஷோல்ஸில் பதிவு செய்து, நிறுவனம் கிடப்பில் போட்ட ஆல்பம், ஒரு பிரெஞ்சு சேகரிப்பாளரின் முயற்சியால் 2000இல்தான் முழுமையாக வெளிவந்தது. இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் கையேடு என்பது விற்பவரின் பெட்டிக்குள்ளேயே வருவது. 'இதை வாங்காதே' என்று அது ஒருநாளும் சொல்லாது. அதைச் சொல்லும் இடமாக இதழ் இருந்தது. அந்த இடம் இன்று காலியாகக் கிடப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அமெரிக்காவின் இழப்பு இதைவிடக் கனமானது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965இல் வெடித்த கிளர்ச்சிக்கு மறு ஆண்டு, அதே நகரில் ரெஜினா ஜோன்ஸும் கென் ஜோன்ஸும் 'சோல்' என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்களின் இசையை அந்த மக்களே செய்தியாக்கிய அந்தத் தாள் 1982இல் நின்றுபோனது. பிறகு வந்த 'வைப்' போன்ற பளபளப்பான இதழ்களுக்குப் பணமும் வாசகர்களும் கிடைத்தார்கள். ஆனால் வயதான சோல் பாடகர்களுக்கு அவற்றில் பெரிதாக இடம் கிடைக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது 'வேக்ஸ் பொயட்டிக்ஸ்' என்ற இசை இதழ் ஒன்றுதான். 2001இல் புரூக்ளினில் தொடங்கிய அந்த இதழ், அச்சு நின்றபின், வாசகர்களிடமே பணம் திரட்டி 2021இல் மீண்டும் வெளிவந்தது. இசைக்கலைஞர்களையும் ஒலிப்பதிவாளர்களையும் பேசவிட்டு நிதானமாக எழுதுகிறார்கள். விலை அதிகம்தான், இருந்தாலும் சந்தாப் பணத்தை அதற்கே மாற்றிவிட்டேன். நீயும் ஓர் இதழை வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்.

உன்னிடமுள்ள பழைய 'பிளாக் மியூசிக்' இசை இதழ்களைத் தயவுசெய்து பழைய தாளோடு போட்டுவிடாதே. 1973 முதல் எவையெவை இருக்கின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுது. என்னிடம் இரண்டு பிரதிகளாக உள்ளவற்றை உனக்கு அனுப்பி வைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
என்றும் உன் நண்பன்