கைக்கு அடியில் வைத்த தாள்

அன்புள்ள எல்லோருக்கும்,

உள்ளங்கையில் ஓயாமல் வேர்ப்பதை நிறுத்தச் செய்த ஆபரேஷன் முடிந்து இன்றோடு 11 நாள். உள்ளங்கை இரண்டும் காய்ந்தே இருக்கின்றன. இதை எழுதும்போதே நடுவில் நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என் கதை உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர், மயக்க மருந்து கொடுத்தவர், மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்தும் மேலே ஏறும்வரை விடாத இரவு நர்ஸ், துணைக்கு இருந்து தூக்கம் கெட்ட நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக அட்மிஷன் கவுண்டரில் இருந்த அக்காவுக்கு.

சம்மதப் படிவத்தில் முதல் கையெழுத்திலேயே மை கலைந்து, தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பரீட்சை ஹாலிலிருந்தே பழகின காட்சி. அடுத்து வரும் ‘என்ன இவ்வளவு வேர்வை, பயமா?’வும் பழக்கம்தான். அக்கா கேட்கவில்லை. வேறு படிவம் எடுத்து வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்து என் கைக்கு அடியில் தள்ளினார். என் ஜெல் பேனாவை நகர்த்திவிட்டு பால்பாயிண்ட் கொடுத்தார். “என் தம்பியும் இப்படித்தான் எழுதுவான். மெதுவா படிச்சுட்டுப் போடுங்க.” அவ்வளவுதான்.

மெதுவாகப் படித்ததால்தான், கை காய்ந்தால் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வேர்வை கூடலாம் என்ற வரியில் நின்றேன். முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் அவசரத்தில் தலையாட்டியிருந்தேன். டாக்டரை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவர் சலிக்காமல் வந்து, கையை வேர்க்க வைக்கும், முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புச் சங்கிலியைப் படம் போட்டு, அதை வெட்டியபின் பழையபடி ஆக்க முடியாது என்றும் சொன்னார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது மாடிப்படி ஏறினால் முதுகில் சட்டை ஒட்டுகிறது. எரிச்சல்தான், ஆனால் ஏமாந்த மாதிரி இல்லை.

மயக்கம் தெளிந்ததும் கையோடு கையைத் தேய்த்தேன். சரசரவென்று சத்தம் வந்தது. காய்ந்த கைக்குச் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது!

இனி யார் ஈரக் கையை நீட்டினாலும், அவர் பார்க்க என் கையைத் துடைக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் வேறொருவர் இருந்தார். அக்காவின் பெயரைக் கேட்டு வைக்காதது என் தப்பு. பழக்கதோஷத்தில், பையில் வைத்திருந்த அதே மடித்த தாளை எடுத்து அடியில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தாள் நனையவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அக்கா.