சபையும் சாலையும்

கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று நீ முடித்துவிடுவாய். எனக்கும் பாதியில் அழுகை வந்து சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் கடிதம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூக்கக் கலக்கத்தில் படிக்காதே. லீவு நாளில் உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ வள்ளலார் வழிக்குப் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. ஓசூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளை, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு விளக்கேற்றி உட்காருகிறான் என்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? அந்த வயசில் எத்தனை பிள்ளைகள் குடியில் போய் விழுகிறார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காமல் வளர்ந்தவன் நீ. சுறாப் புட்டு செய்தால் சட்டியைச் சுரண்டித் தின்பாய். அதையெல்லாம் ஒரே நாளில் விட்டாய். சொந்தத்தில் சிலர் கேலி பேசியபோது, "அவன் வயிறு, அவன் இஷ்டம்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தவள் நான். உனக்கென்று சட்டி, கரண்டி, தோசைக்கல் எல்லாம் தனியாக வாங்கி மேல் பலகையில் வைத்திருக்கிறேன். அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை. இனிமேலும் அப்படித்தான்.

என் மனசு நொந்தது வேறு விஷயத்தில். அக்கா பிள்ளைக்குக் காது குத்தின அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய். இங்கே யாரும் மறக்கவில்லை.

அத்தை அன்றைக்கு மீன் ஏலத்துக்குப் போகவில்லை, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். நீ கறிச்சோற்றுப் பந்தியில் உட்கார மாட்டாய் என்று அவளுக்குத் தெரியும். விடியற்காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, கறி அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பாத்திரத்தில் உனக்கு மட்டும் தயிர்சாதம் கிளறினாள். மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். மேலே இலை போட்டு மூடி, பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது என்று பீரோ பக்கத்தில் வைத்துவிட்டுக் காவல் இருந்தாள். நீ வந்ததும் ஆசையாக எடுத்து வந்து நீட்டினாள். நீ என்ன சொன்னாய்? "மீன் நாத்தம் அடிக்கிற கையால கொடுத்தா எப்படி அத்தை சாப்பிடுறது? நீங்கள்லாம் எப்பத்தான் திருந்தப் போறீங்க?"

அவள் ஒன்றும் பேசவில்லை. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். ஐஸில் கைவிட்டுக் கைவிட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன கை அது. அப்புறம் அன்றைக்குப் பொழுது சாயும் வரை அவள் யாருக்கும் எதுவும் பரிமாறவில்லை. கூப்பிட்டதற்கு, "நீங்களே போடுங்க அண்ணி" என்றாள்.

அந்தக் கை சம்பாதித்ததில்தான் நீ படித்தாய் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. உனக்காக அவள் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவளாக இருந்திருந்தாலும், முன்பின் தெரியாத மனுஷியாகவே இருந்திருந்தாலும், அது சொல்லக்கூடாத சொல்தான்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரொம்பப் பிடித்த ஒன்றைச் சாமிக்காக விடுகிறோம். விட்டது கஷ்டமாக இருக்கிறது. மனசு அதற்குக் கூலி கேட்கிறது. சாமி கையில் காசு கொடுப்பதில்லை, ஊரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை. அப்போது மனசு தானாகவே கூலி எடுத்துக்கொள்கிறது: விடாதவனைப் பார்த்து, "நான் உன்னைவிட மேல்" என்று நினைத்துக்கொள்கிறது. அந்த நினைப்பு இனிக்கும். மீன் குழம்பைவிட இனிக்கும். நாக்கைக் கட்டியவன்கூட அந்த ருசியை விட முடியாமல் தவிப்பான். உன்னிடம் மட்டும் இருக்கிற குணம் இல்லை இது. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது யார் வீட்டு விரதம் பெரிய விரதம் என்று நம் தெருவில் நடக்கிற பேச்சு உனக்குத் தெரியாததா? ஐந்து வேளை தொழுகிறவர்களில், ஜெபக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர்களில், சாமியே இல்லை என்கிறவர்களில்கூட இப்படிப் பார்க்கிறவர்கள் உண்டு. கெட்டவனுக்கு இது வருவதில்லை, ஏதோ ஒரு நல்லதைப் பிடித்துக்கொண்டவனுக்குத்தான் வருகிறது. அதனால்தான் உன்னைப் பார்த்து பயப்படுகிறேன்.

சரி, உன் வடலூருக்கே வருகிறேன். நான் படிக்காதவள் இல்லை, எனக்கும் கொஞ்சம் தெரியும். குறிஞ்சிப்பாடி தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினால் அங்கே இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று சத்திய ஞான சபை. 1872 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் நடந்த இடம். கொலையும் புலையும், அதாவது உயிரைக் கொல்வதையும் புலால் தின்பதையும், தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று அங்கே எழுதிப் போட்டிருக்கிறது. நீ அந்த எழுத்தைப் பார்த்தாய், மனசில் பதிய வைத்துக்கொண்டாய். ஆனால் அந்தச் சபை கட்டுவதற்கு நாலைந்து வருஷம் முன்னாலேயே, 1867 மே 23ஆம் தேதி, வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். பஞ்சத்தில் ஜனங்கள் வாடிக்கொண்டிருந்த காலம். அன்றைக்கு மூட்டின அடுப்பை இன்றுவரை அணைய விடாமல் எரித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வாசலில் நீ என்ன தின்கிறவன், என்ன ஜாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. பசியா, உட்கார் என்று சோறு போடுகிறார்கள்.

புலால் தின்கிறவர்களை அவர் புற இனத்தார் என்றுதான் சொன்னார், நான் மறைக்கவில்லை. அதே மூச்சில், அவர்களுக்கும் பசி ஆற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னார். யாரைச் சபைக்குள் விடுவது என்று அவர் யோசித்ததற்கு முன்னாலேயே எல்லாருக்கும் உலை வைத்தாகிவிட்டது. நீ சபை வாசலில் நின்று ஆளை எடை போடக் கற்றுக்கொண்டாய். சாலைக்குள் போய் ஒரு நாளாவது காய் நறுக்கினாயா, ஒரு பந்திக்காவது இலை எடுத்தாயா? நான் கேட்பது குத்திக்காட்ட இல்லை, போயிருந்தால் அத்தை நீட்டிய பாத்திரத்தைத் தள்ளியிருக்க மாட்டாய் என்பதற்காகக் கேட்கிறேன்.

சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவள் நான், கரண்டி பிடித்த கை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு பையன் பழம் வாங்குகிறவன். மற்றப் பிள்ளைகள் அவனைப் "பழம்" என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அதை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் அந்தப் பையனே தட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "நீங்கள்லாம் கோழிக்குஞ்சைத் தின்கிற பாவிங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். அதையும் நிறுத்தினேன். ஒரே வரிசை, அவரவர் தட்டில் அவரவருக்கு உள்ளது. இதற்கு மேல் எனக்குத் தத்துவம் தெரியாது.

உனக்கு அப்பர் கதை சொல்லித்தான் வளர்த்தேன். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட மனுஷன் மிதந்து வந்து கரையேறினது நம் கரையேறவிட்ட குப்பத்தில். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்குப் போய்ப் பாடினார். அந்தக் கதையில் எனக்குப் பெரியவள் அவருடைய அக்கா திலகவதியார். அவள் தம்பியான அப்பர், வீட்டு மதமான சைவத்தை விட்டு சமணத்துக்குப் போய்ப் பெரிய பதவியில் இருந்தான். சூலை என்கிற வயிற்று நோய் வந்து தாங்க முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு அக்காவைத் தேடி வந்தான். அவள் இத்தனை வருஷம் விரதம் இருந்தவள், கோயிலை மெழுகிக் கோலம் போட்டவள். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை கேட்டாளா? திருநீற்றை எடுத்துக் கொடுத்தாள், கோயிலுக்கு அழைத்துப்போனாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தத் தம்பி கடைசிவரை உழவாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். தன்னைப்பற்றிப் பாடும்போதெல்லாம் குற்றம் நிறைந்தவன் என்றுதான் பாடினார்.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் அதை அழுத்திச் சொல்வதில்லை. அவரைக் கடலில் போடச் சொன்னவர்களும் தங்கள் மதத்தில் பற்று உள்ளவர்கள்தான். பிறகு அரசன் சைவனாக மாறியதும் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கோயில் கட்டினான் என்று வருகிறது. கோயிலில் கும்பிடும்போது எனக்கு இதுவும் ஞாபகம் வரும். நான் சரி, நீ தப்பு என்பது ரொம்ப ஏறிப்போனால் முதலில் சொல்லில் வரும், அப்புறம் கையில் வரும்.

நீ படித்த சிதம்பரத்திலேயே நந்தனார் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது. கதைப்படி அவருக்குத்தான் அந்தச் சோதனை. சுத்தம் பார்த்தவர்களை யாரும் தீயில் இறங்கச் சொல்லவில்லை. நம் குலத்தையும் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துத் தள்ளி நிறுத்தியவர்கள் உண்டு. அந்தப் பார்வையை உன் அப்பா எவ்வளவு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். அதே பார்வை என் பிள்ளை கண்ணிலிருந்து வந்தபோது எனக்குத் தாங்கவில்லை, தம்பி.

2004 டிசம்பர் 26 உனக்கு லேசாகத்தான் ஞாபகம் இருக்கும். சுனாமி வந்து புதுப்பேட்டையில் உன் சித்தி வீடு போய், கட்டின துணியோடு பரங்கிப்பேட்டைக்கு ஓடினார்கள். அங்கே ஜமாஅத்தார் இருக்கிற இடத்தையெல்லாம் திறந்துவிட்டு, அண்டா அண்டாவாகச் சமைத்துப் போட்டார்கள். செத்தவர்களைத் தேடி எடுப்பதிலும் கூட நின்றார்கள். தொழுகையை விடாதவர்கள், மார்க்கத்தில் கறாரானவர்கள்தான். சித்தி கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். அவளிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்பதைத் தவிர. இன்றைக்கும் சித்தி பரங்கிப்பேட்டை என்று பேச்செடுத்தால் கையெடுத்துக் கும்பிடுகிறாள். தங்கள் சாமியைப்பற்றி அவர்கள் அவளிடம் எதுவும் பேசவே இல்லை, ஆனால் அந்தச் சாமிமேல் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது.

நீ கேட்பாய்: "கொல்லாமை நல்லதுதானே, அதைச் சொல்லக்கூட கூடாதா?" சொல். கொல்லாமை பெரிய அறம், எனக்கு அதில் மறுப்பே இல்லை. பெரியப்பா பையன் இருக்கிறானே, உன்னைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் மீன் தொடாமல் இருந்தான். நீ ஒரு வார்த்தை சொல்லாமலே அது நடந்தது. காதுகுத்துக்கு மறு வெள்ளிக்கிழமை, "அப்படி ஆகிறதுக்கா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டு நெத்திலி வறுவல் கேட்டு வாங்கித் தின்றான். குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் நீ போடுகிற படங்கள், அந்தப் பாவக் கணக்குகள், அவற்றைப் பார்த்து ஒருவர்கூட மாறவில்லை. அக்கா அந்தக் குழுவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். கடலுக்குப் போகிறவர்களிடம் போய் நீங்கள் பாவி என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நாளில் அவர்கள் சாமி கும்பிடுவதை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய். உயிர் கையில் இல்லாமல் போகிறவன் கும்பிடுகிற கும்பிடு அது. அதைவிட உன் கும்பிடு உசத்தி என்று எந்தத் தராசில் நிறுத்தாய்?

விளக்கேற்று. மனசாரக் கும்பிடு. மீன் வேண்டாம், கறி வேண்டாம், நான் ஒருநாளும் சாப்பிடு என்று சொல்ல மாட்டேன். என் காலத்துக்கு அப்புறமும் உன்னை யாரும் அதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு நீயே போன் பண்ணு. என்னை நடுவில் வைத்து, "அம்மா, நீ சொல்லிடு" என்று அனுப்பாதே. காலையில் ஏலம், அப்புறம் தெருத்தெருவாகச் சுற்றுவாள், பதினொரு மணிக்கு மேல்தான் எடுப்பாள். பெரிய பேச்செல்லாம் வேண்டாம், மன்னித்துவிடு அத்தை என்று சொன்னால் போதும். அழுவாள், நீ வைத்துவிடாதே.

மாசி மகத்துக்கு லீவு கிடைக்கிறதா என்று கேட்டுச் சொல். சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் வரும்போது நீயும் இருந்தால் எனக்குச் சந்தோஷம். அப்படியே ஒரு நாள் கூடச் சேர்த்து எடு, நாம் இரண்டு பேரும் வடலூர் போய் சாலையில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வரலாம். அத்தையும் வருகிறேன் என்றால் அழைத்துப் போவோம். பனிக்கு சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அந்தக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்.

அன்புடன்,
அம்மா