போமட் அடிக்கும் முன் ஒருக்காத் திறந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் கொக்குவிலில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். லப்டொப் நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும்.

சித்திரையில் அது கொதிக்கத் தொடங்கியது. ஒரேயொரு வேர்ட் கோப்புத்தான் திறந்திருக்கும். ஃபான் மட்டும் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர் மாதிரி இரையும். விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாது. வெயில் காலம்தானே என்று மேசை ஃபானை அதன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

முதல் கடையில் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மதர்போர்ட் போயிட்டுது, 45,000 வரும்" என்றார்கள். திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. இரண்டாவது கடையில் போமட் அடித்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, 3,500 ரூபா வாங்கினார்கள். மூன்று நாள் குளிர்ந்து கிடந்தது. நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

கடைகளின் பெயரை எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது வெவ்வேறு ஊர்க்காரர் இதே கதையைச் சொன்னார்கள்.

ஒருநாள் இரவு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமர்த்தி, எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். கணினியின் மூளையான சி.பி.யூ. என்ற இடத்தில் ஒரு கணம் 100 சதவீதம் என்று நின்றது. அடுத்த கணம் 6. அரை நிமிடத்தில் ஃபானும் அடங்கிவிட்டது. மூடினேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி இரைச்சல். திறந்தேன், அடங்கியது. பொலிஸைக் கண்டதும் சீட்டுக்கட்டைப் பாய்க்குக் கீழே தள்ளுகிற ஆட்கள் மாதிரி. அன்றைய வேலையை டாஸ்க் மனேஜரைத் திறந்து ஓரத்தில் வைத்துக்கொண்டே முடித்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இது என்ன என்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. மொனேரோ போன்ற மறைநாணயத்தை (கிரிப்டோ காசு)ச் சாதாரண சி.பி.யூ.விலேயே கணக்குப் போட்டு ஈட்டலாம். 2019 இறுதியில் மொனேரோ தன் கணக்கு முறையையே சி.பி.யூ.வுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக்கொண்டது. ஆக, களவாக நுழைந்த ஒரு நிரலால், முகம் தெரியாத ஒருவனுக்காக என் வீட்டுக் கரண்டில் என் லப்டொப் இரவு பகலாக உழைத்திருக்கிறது. டாஸ்க் மனேஜர் திறந்தால் ஒளிந்துகொள்ளும்படி இப்படியான நிரல்களை எழுதி வைத்திருப்பார்கள்.

அப்புறம் விண்டோஸோடு வரும் வைரஸ் காவலாளியான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலை, அதாவது அது சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியலைப் பார்த்தேன். சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது! நான் போடவில்லை. அந்த விலக்கின் மறைவில் ஒளிந்திருந்த கோப்புகளின் திகதி, போமட் அடித்த அதே திகதி. விண்டோஸை ‘ஒரிஜினல்’ ஆக்கவென்று பென் டிரைவிலிருந்து ஓட்டிய ‘கிராக்’ என்ற களவு நிரலோடு வந்த விருந்தாளி அது. போன வருடம் எஸ்.எஸ்.டி. (சேமிப்பு டிஸ்க்) மாற்றக் கொடுத்தபோதும் இன்னொரு கடையில் இதே மாதிரிக் கிராக்தான் போட்டுத் தந்தார்கள். முதல் சூடு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான். அந்த லப்டொப் விண்டோஸ் ஹோமோடு வாங்கியது. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கிற லப்டொப்புகளில் உரிமத் திறப்பு பெரும்பாலும் போர்ட்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கிப் போட்டால், இணையத்தில் இணைந்ததும் தானே செயற்படத் தொடங்கும். நான் காசு கொடுத்த ஹோமை அழித்துவிட்டுக் புரோ என்ற வேறு பதிப்பைக் களவாகப் போட்டு, அதற்கும் காசு வாங்கியிருக்கிறீர்கள். ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

ஆகவே என் விண்ணப்பம்: சூடு என்று ஒருவர் வந்தால், முதலில் அவருக்கு முன்னாலேயே டாஸ்க் மனேஜரைத் திறந்து காட்டுங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே சதவீதம் உச்சத்தில் நின்றால் எந்த நிரல் என்று தேடுங்கள். அப்டேட்டோ டிஃபெண்டர் ஸ்கானோ ஓடினால் அது தன் பாட்டில் அடங்கும், காசு கேட்கத் தேவையில்லை. சதவீதம் தாழ்ந்திருந்தும் சூடு என்றால் தூசி, சி.பி.யூ.வின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், ஃபான் பக்கம் போங்கள். வேகத்தையும் கவனியுங்கள்: 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது 0.8இல் முடங்கிக் கிடந்தால், சூட்டுக்குப் பயந்து தன்னைத் தானே குறைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரத்தில் சின்ன வேலைக்கும் 100 காட்டும், வைரஸ் என்று ஏமாந்துவிடுவோம். சந்தேகம் தீராவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அங்கே குளிர்ந்து கிடந்தால் 45,000 ரூபா போர்ட்டைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

நான் அயல்வீட்டுக் கணினியில் விண்டோஸை இறக்கி, டிஸ்கை முழுவதும் துடைத்துப் புதிதாகப் போட்டேன். இணையம் வந்ததும் செயற்பட்டுவிட்டது. இப்போது சும்மா இருக்கும்போது 3, 4 சதவீதம்தான். நியாயத்துக்குச் சொல்கிறேன், பின்மூடியைக் கழற்றியபோது ஃபானுக்குப் பக்கத்துத் தகடுகளில் எங்கள் செம்பாட்டுப் புழுதி கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருந்தது. பேஸ்டும் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அந்தச் சூட்டில் என் பங்கும் உண்டு. மெத்தையில் வைத்துத்தான் இரவில் வேலை செய்வேன்.

அடுத்த கிழமை தங்கச்சியின் லப்டொப்பை உங்களில் ஒருவரிடம் கொண்டு வருவேன். தூசி எடுக்க வேண்டும், பேஸ்ட் மாற்ற வேண்டும், உரிய கூலியைத் தருவேன். விண்டோஸைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு வாடிக்கையாளர்