பிரித்து அனுப்பும் ஆர்டர்கள்: திங்கள் முதல் புது முறை

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஆர்டர் இரண்டு மூன்று பார்சலாகப் போகும்போது கணக்கு குழம்புகிறது. வரும் திங்கள் காலை 10 மணி முதல் எல்லோரும் இப்படியே செய்யவும்:

1. மீதிப் பொருளுக்குப் புது ஆர்டர் போட வேண்டாம். ஸ்டாக் இருமுறை கழியும். அதே ஆர்டருக்குள் இன்னொரு ஷிப்மென்ட் (அனுப்பும் பதிவு) போடவும்.
2. அன்று பெட்டிக்குள் போகும் எண்ணிக்கையை மட்டும் கொடுக்கவும். 5 கேட்டு 3 இருந்தால், 3. மென்பொருள் தானாகவே 5 என்று நிரப்பி வைத்திருக்கும். அதைத் திருத்தாமல் சேமிப்பதால்தான் "இரண்டு குறைகிறது" என்று வாடிக்கையாளர் கேட்கிறார், நமக்கோ பாக்கியே தெரிவதில்லை.
3. பார்சலுக்கு ஒரு டிராக்கிங் எண். பழைய எண்ணை அழிக்க வேண்டாம்.
4. கடைசிப் பொருள் கிளம்பும் வரை 'பகுதி அனுப்பப்பட்டது' நிலைதான்.
5. வாடிக்கையாளர் கார்டில் தொகையை இன்னும் எடுக்காமல், நிறுத்தி மட்டும் வைத்திருக்கும் ஆர்டரா? சில பேமென்ட் கேட்வேயில் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) ஒருமுறைதான் பணம் எடுக்க முடியும். முதல் பார்சலுக்கு எடுத்தால் மீதித் தொகை விடுபட்டுவிடும். பிரிக்கும் முன் கணக்குப் பிரிவிடம் கேட்கவும்.
6. டெலிவரி கட்டணம் முதல் பார்சலோடு சரி.

பாதி அனுப்பி நிற்கும் ஆர்டர் எண்களை ஞாயிறு மாலை 6 மணிக்குள் இங்கே போடவும். படித்தவர்கள் 'சரி' என்று பதில் தரவும். கட்டைவிரல் குறி போதாது.