மக்காச்சோளம் காயட்டும், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்க்கப் போவதாகவும், சொந்த மக்காச்சோளத்தில் தீவனத்தையும் நீயே அரைத்துக் கலக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். பெரம்பலூரில் இருந்துகொண்டு சோளத்தை விற்றுவிட்டு மூட்டைத் தீவனம் வாங்குவானேன் என்று நீ கேட்பது நியாயம்தான். ஆனால் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது, கதிரைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஷெட்டில் கோழி தீனி எடுத்தது, எடை மட்டும் ஏறவில்லை. ஒரே பேட்சில் சின்னதும் பெரிதுமாக நின்றன. கால் வெளுத்துக் கிடந்தது. டாக்டர் வந்து ஒரு கோழியை அறுத்துப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். செம்பழுப்பாக இருக்க வேண்டிய ஈரல் மஞ்சள் பாரித்து வீங்கியிருந்தது. விரலை வைத்தால் பிய்ந்து வந்தது. தொடைக்கறியில் அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தது. தீவனத்தில் பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்ஸின் என்ற நச்சு நோய் எதிர்ப்பையே தின்றுவிடும், இப்படிப்பட்ட பேட்சில் தடுப்பூசி போட்டும் சரியாகப் பிடிக்காது என்றார் டாக்டர். அந்தத் தீவனத்தை நான் கையில் அள்ளி மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. பூசணம் பிடித்த அடையாளமும் இல்லை. சோதனைக்கு அனுப்பியதில்தான் தெரிந்தது.

கோழித் தீவனத்தில் அஃப்லாடாக்ஸின் பி1 என்ற நச்சுக்கு நம் நாட்டுத் தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 20 பிபிபி. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம்! கண்ணை நம்பி இதில் இறங்க முடியாது.

அதனால் முதல் வேலையாகத் தார்ப்பாயை எடு. ஈரத்தோடு மூடிய குவியல் உள்ளே சூடேறும், அந்தச் சூட்டில்தான் பூசணம் பெருகும். நல்ல வெயில் பார்த்துக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி விட்டுக் காயவை. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வந்தால்தான் மூட்டை பிடிக்க வேண்டும். 14-ஐத் தாண்டியதைத் தொடவே கூடாது. பல்லில் கடித்துப் பார்த்து முடிவு செய்யாதே, ஈரமானி ஒன்று வாங்கிக்கொள். காய்ந்ததும் சல்லடையில் போட்டு உடைசலையும் தூசியையும் பிரித்துவிடு, நச்சு அதிகம் சேர்வது அதில்தான். 2018-ல் படைப்புழு உங்கள் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்று உனக்கே தெரியும். புழு துளைத்த மணி வழியாகப் பூசணம் வயலிலேயே உள்ளே போய்விடும், அந்தக் கதிரையும் ஒதுக்கு. ஒதுக்கியதை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. மாடு தின்றால் அதே நச்சு வேறு உருவில் பாலில் வரும். வீட்டில் பேரன் குடிக்கிற பால் அது.

அப்புறம், புரோபியானிக் அமிலம் கலந்த பொடி தெளித்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னதாக எழுதியிருந்தாய். அது பூசணம் வளராமல் தடுக்கும், உண்மைதான். ஏற்கெனவே உண்டான நச்சை ஒன்றும் செய்யாது. தீவனத்தைச் சூடாக்கிக் குருணையாக்கினாலும் அந்த நச்சு அழியாது. டாக்ஸின் பைண்டர் கதையும் இப்படித்தான். பென்டோனைட் களிமண் வகை பைண்டர் அஃப்லாடாக்ஸினைக் குடலிலேயே பிடித்து எச்சத்தோடு வெளியேற்றும், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு, நானும் கலக்கிறேன். ஆனால் வாயைப் புண்ணாக்கும் டி-2 போன்ற வேறு பூசண நச்சுகள் அதற்கு அவ்வளவாகச் சிக்குவதில்லை. பைண்டர் போடுகிறோமே என்று கெட்ட சோளத்தை உள்ளே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம், மாப்பிள்ளை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். இந்த நச்சை உலகம் கண்டுபிடித்ததே அந்தச் சாவுக்குப் பிறகுதான். சோயா புண்ணாக்கோடு நிறுத்திக்கொள். இருக்கிற சோளத்திலும் முதல் தரமானதைக் குஞ்சுத் தீவனத்துக்கு எடுத்து வை, குஞ்சுக்குத் தாங்கும் சக்தி குறைவு. கலந்ததை வாரம் பத்து நாளில் தீர்த்துவிடு. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் பலகை மேல் அடுக்கு. தீனித் தட்டின் ஓரத்தில் கட்டி பிடித்ததைத் தினமும் சுரண்டி எடுக்க ஆளிடம் சொல்லிவை.

அரைப்பதற்கு முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி கொடுத்துவிடு. ஒரே மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போனால் பிரயோஜனம் இல்லை. நச்சு எல்லா மணியிலும் பரவலாக இருக்காது. ஒரு மணியில் நிறைய இருக்கும், பக்கத்து மணியில் துளியும் இருக்காது. நூறு மூட்டை என்றால் பத்துப் பதினைந்து மூட்டையில் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, நன்றாகக் கலந்து அதிலிருந்து அரைக் கிலோ எடு.

குஞ்சுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் ரிசல்ட் வரும்வரை பொறு. மாதிரி தயாரானதும் போன் பண்ணு, நாமக்கல்லுக்கு நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்,
பல்லடம்