நிரூபிக்க வேண்டாம், பெரியோர்களே

எந்தச் சமயமானாலும் மேடையேறிப் பேசுகிற பெரியோர்களுக்கு, வணக்கம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் உங்கள் பேச்சுகளை விரும்பிக் கேட்பவன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று, "இதை இன்றைக்கு விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்பீர்கள். அணு வரும், குவாண்டம் வரும், கூட்டம் கைதட்டும். எனக்கோ அந்த இடத்தில்தான் எல்லாம் சப்பென்று ஆகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931இல் முன்வைத்தவர் ஜார்ஜ் லெமைத்தர். பெல்ஜியத்துக்காரர், இயற்பியல் அறிஞர், கத்தோலிக்கக் குருவும்கூட. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பு என்பது நடந்ததற்கு இந்த ஆராய்ச்சிகளே சான்று என்கிற தொனியில் உரையாற்றினார். லெமைத்தர் பூரித்துப் போயிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்பதில் அவர் கறாராக இருந்தார். உங்களைவிட ஆழமான நம்பிக்கையாளர் என்றே அவரை நான் நினைக்கிறேன். இயற்பியல் நாளைக்குத் தன் கருத்தை மாற்றிக்கொண்டால், அதன் தோளில் ஏற்றிவைத்த கடவுளை எங்கே இறக்கிவைப்பது?

தேடிப் போனால் சான்று உங்கள் பக்கமே வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. 'உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம்' என்று சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. 'நிச்சயம் நடக்கும்' என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம். (நாத்திக நண்பர்கள் இதை வைத்துத் துள்ள வேண்டாம், பிரார்த்தனை கெடுதல் செய்யும் என்று இதற்குப் பொருள் இல்லை.)

பிரார்த்தனையின் மதிப்பு அந்தக் கணக்கில் இல்லை. சாவு விழுந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வந்தவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் பழகிய பிரார்த்தனையைத் தொடங்குகிறார். இறந்தவரின் மனைவிக்கு இரண்டாம் வரியிலேயே குரல் உடைகிறது. பக்கத்தில் இருப்பவள் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்கிறாள். நாலைந்து வரி தள்ளி அந்த மனைவியும் மறுபடி சேர்ந்துகொள்கிறாள். அந்த வரிகள் மெய்யா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. எங்களைப் போன்றவர்களிடம் அந்த நேரத்துக்கென்று வரிகளே கிடையாது. ஒன்றிரண்டு இருந்தாலும் யாருக்கும் மனப்பாடம் இல்லை.

அதற்காக, பயன்படுகிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. 1877இல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். கப்பல் பழசு. சந்தேகத்தை அடக்கிக்கொண்டு, இறைவன் காப்பான் என்று மனசைத் தேற்றி, ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்றார் கிளிஃபோர்டு. 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார்: சான்றுகளால் முடிவு காண முடியாத, ஆனால் முடிவெடுக்காமலும் தள்ளிப்போட முடியாத கேள்விகள் உண்டு, அங்கே மனம் துணிந்து நம்பலாம்.

சொந்த வாழ்க்கை என்றால் நான் ஜேம்ஸ் பக்கம். கப்பலில் அடுத்தவர் ஏறிய நொடியிலிருந்து கிளிஃபோர்டு பக்கம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வேண்டாம் என்றோ, இன்னார் இன்னாரை மணக்கக் கூடாது என்றோ உங்கள் நம்பிக்கை பேச ஆரம்பித்தால் ஆதாரம் கேட்பேன். அப்போது "நம்பிக்கையைக் கேள்வி கேட்காதே" என்று கோபப்படக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் கேள்வி நேரம் வரும்போது பள்ளிப் பிள்ளை ஒன்று எழுந்து, "இதெல்லாம் உண்மையா ஐயா?" என்று கேட்கலாம். குவாண்டத்துக்குப் போகாமல், "தெரியாதம்மா, நான் நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்று சொல்கிறேன், உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். நான் பின்வரிசையில்தான் இருப்பேன். அந்தப் பதிலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

இப்படிக்கு,
நம்பிக்கை இல்லாத உங்கள் ரசிகன்