கற்றாழைக்கு எதற்குத் தினமும் தண்ணீர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் உங்கள் பத்திரிகையில் வீட்டுத் தோட்டம் பற்றி வருவதை விடாமல் படிப்பேன். ஆனால் அதில் வருவதெல்லாம் தண்ணீர் கேட்கிற செடிகள். கடலூரில், அதுவும் கடலோரமாக இருக்கிற எங்களுக்குச் சித்திரை பிறந்தால் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிடும், அதை ரோஜாவுக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகுகிறது, ஊற்றாவிட்டால் செடியே காய்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் வேலியோர முருங்கைகளைச் சாய்த்த பிறகு அந்த இடத்தில் எதை வைத்தும் நிற்கவில்லை. இப்போது நான்கு வருஷமாக அங்கே பச்சையாக நிற்பது ஒரு புதர்க் கற்றாழை.

சோற்றுக் கற்றாழையை வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டினாலும் மாதக்கணக்கில் வாடாது, தெரியுமே. இது அதற்குச் சொந்தம்தான், அலோ ஆர்போரெசென்ஸ் என்று பெயர், ஊர் தென்னாப்பிரிக்கப் பக்கம். அங்கே கடற்கரையிலிருந்து மலை உச்சி வரை தானாக வளர்கிறது, மாட்டுப்பட்டிக்கு உயிர்வேலியாகவும் நடுவார்கள். தண்டு விட்டுக் கிளைத்து ஆள் உயரத்துக்கும் மேலே போகும். இலைத்துளைகளை ராத்திரியில் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு பகலில் மூடிக்கொள்கிற செடி என்பதால் வெயிலில் அதிக ஈரத்தை இழப்பதில்லை.

முதலில் ஒரு நர்சரியில் வாங்கினேன். தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், நானும் காலை மாலை ஊற்றினேன், ஒரே மாதத்தில் அடித்தண்டு கொழகொழவென்று அழுகிச் சாய்ந்துவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. விற்கிறவர்கள் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து ஒரு முழப் போத்து கொண்டுவந்தேன். வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் கிடத்திவிட்டு, மணலும் செங்கல் துண்டும் கலந்து ஓர் அடிக்கு மேடு கட்டி நட்டேன், இரண்டு வாரம் தண்ணீரே காட்டவில்லை. பிடித்துக்கொண்டது. கத்திரி வெயிலிலும் பதினைந்து நாளுக்கு ஒரு குடம், அவ்வளவுதான். நம் ஊரில் இதற்கு எமன் வெயில் இல்லை, ஐப்பசி கார்த்திகை அடைமழை. வேரில் தண்ணீர் தேங்கினால் போச்சு, அதனால்தான் மேடு.

இலை ஓரமெல்லாம் முள், குழந்தைகள் ஓடும் பக்கம் வேண்டாம். சோற்றுக் கற்றாழை மாதிரி நினைத்து வாயில் வைக்கவும் கூடாது, அந்த மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிவிடும். அதன் ஊரில் குளிர்காலத்தில் செம்மஞ்சளாகக் கதிர் கதிராகப் பூக்கும், என்னுடையது இன்னும் பூக்கவில்லை, காத்திருக்கிறேன்.

அடுத்த கோடைக்குள் இந்தச் செடியைப் பற்றி, முக்கியமாகத் தண்ணீர் விஷயத்தை, ஒரு கட்டுரையாகப் போடுங்கள். நர்சரிக்காரர்களும் படிப்பார்கள்.

வாசகர்,
கடலூர்